அம்மாவின் பந்திக்கு வா, சாமு

என் அருமை மகன் சாமுவுக்கு,

இதை உட்கார்ந்து வாசி. நின்றவாக்கில் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொள்கிற கடிதம் இல்லை இது. எழுத்துகளைப் பெரிதாக, தள்ளித் தள்ளி எழுதியிருக்கிறேன். உன் தமிழ் வாசிப்பு எவ்வளவு தூரம் ஓடும் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் இந்தியும் மராத்தியும் என்று வளர்ந்த பிள்ளைக்கு வேதம் வாசிக்க வைத்துத்தான் உன் அம்மா தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாள். புரியாத இடத்தில் இரண்டாவது முறை வாசி. சுவார்த்தாவிடம் கேட்டுப் பயனில்லை, உன் மனைவிக்கு மராத்திதான் வரும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நாம் இரண்டு பேரும் பேசினால் கொஞ்ச நேரத்தில் நீ ஆங்கிலத்துக்குத் தாவுவாய், நான் குரலை உயர்த்துவேன், யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். இதில் நீ குறுக்கே பேச முடியாது, என்னாலும் கத்த முடியாது. அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, அம்மாவுக்கு நற்கருணை கொடுக்க நம் குருவானவர் ஏரவாடா வீட்டுக்கு வருகிறார். நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். இந்த வாசலை மிதிக்காதே என்று உன்னிடம் சொன்ன அதே வாயால்தான் கேட்கிறேன்.

அம்மா உன்னிடம் போனில் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்பாதே. வயிற்றில் வந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், அது ஈரலுக்குப் போய்விட்டது. இனிமேல் மருந்து கொடுத்து உடம்பை வதைக்க வேண்டாம், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈஸ்டர் வரைக்கும் தாங்குமா என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவள் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள். இதே மாதிரி எத்தனையோ பேருடைய சொந்தக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தவள். அவளிடம் யாரும் எதையும் மறைக்க முடியவில்லை. மறைக்கிறது அவள்தான், உன்னிடம். கேட்டால், "அவன் பயந்துட்டு வரக்கூடாது, வரணும்னு தோணி வரணும்" என்கிறாள். எனக்கு அந்தப் பெருமையெல்லாம் இல்லை. நீ பயந்துகொண்டு வந்தாலும் போதும்.

நாம் பூனாவுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. உனக்கு எவ்வளவு நினைவிருக்குமோ தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கம். தெற்கே நம் நாசரேத்து ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்குப் போசரியில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வேலை. இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை, லேத்திலிருந்து வருகிற உருப்படிகளைக் கேஜ் வைத்து அளந்து பார்த்து இது சரி, இது தள்ளு என்று பிரிக்கிறவன். வேலைக்குக் குறைவில்லை, மனிதர்களுக்குத்தான் பஞ்சம். ஏரவாடாவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "கிரிஸ்தாவ்? கோவாவா?" என்று கேட்டார்கள். கம்பெனியில் இருந்த இரண்டு கோயம்புத்தூர்க்காரர்கள், என் பேரைக் கேட்டதும் பொங்கலுக்கு என்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்து, கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள். பூனாவின் கேம்ப் பகுதியில் இங்கிலீஷ் ஆராதனைக்குப் போனால் அங்கே இருந்தவர்கள் உன் அம்மாவின் பூவையும் பொட்டில்லாத நெற்றியையும் மாறிமாறிப் பார்த்தார்கள். எங்கே போனாலும் பாதி ஆளாகத்தான் நின்றோம். அன்றைக்கு அந்தக் கோயில் காவல்காரர்தான் தமிழ் ஆராதனை சாயங்காலம் உண்டு என்று சொன்னார். வீட்டுக்குப் போய்த் திரும்பி வர மனமில்லாமல் பகல் முழுக்கக் கேம்ப்பிலேயே சுற்றினோம். நீ வடாபாவ் தின்று உறைப்பு தாங்காமல் அழுதாய். சாயங்காலம் உள்ளே பாட்டு ஆரம்பித்ததும் உன் அம்மாவால் பாட முடியவில்லை, பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு தேம்பினாள். வெளியே வந்ததும் ஒரு பெரியவர், "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நமக்கு ஊர், சாதிசனம், மாமன் மச்சான் எல்லாம் அந்தச் சபைதான். நம் பக்கத்தில் நற்கருணைக்கு ஆல்டர் முன்னால் வரிசையாக முழங்கால் போடுவதைப் பந்தி என்றுதான் சொல்வோம். கல்யாணச் சாப்பாட்டுக்கு உட்கார்வது மாதிரி, ஒரு வரிசை எழுந்த பிறகு அடுத்த வரிசை. நீ திடப்படுத்தல் பெற்று, நற்கருணை வாங்கும் உரிமை வந்த பிறகு முதல்முறை பந்திக்கு வந்த அன்று உன் அம்மா நடுவில், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கையை எப்படி நீட்ட வேண்டும் என்று வீட்டிலேயே அவள் உனக்குப் பழக்கிவைத்திருந்தாள். இடது கைமேல் வலது கை, குறுக்காக, உள்ளங்கை மேலே பார்த்து. "நாம எடுக்கக் கூடாது, குடுக்கதை வாங்கணும்" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீன்குழம்பு வைத்துக்கொண்டே, "மூணு பேரும் ஒரே பாத்திரத்துல குடிச்சாச்சு, இனி எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னாள். நான் சிரித்தேன். வேறு எதையும் அவள் ஆசைப்பட்டுக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நீ எங்களை விட்டுப் போனதற்கு முழுக் காரணமும் நீதான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் நீ பாடங்களில் விழுந்தாய். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, கோயிலுக்கு வரவில்லை. அந்த மாதம்தான் சபையில் அசனம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு தின்கிற நாள். நான் அதற்குச் செயலாளர். எத்தனை ஆடு, எத்தனை அண்டா என்று ராப்பகலாக அலைந்தேன். சபை மொத்தமும் சேர்ந்து சாப்பிட்டபோது என் மகன் வீட்டில் பட்டினி கிடந்தான், யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உன் கூடப் படித்த போசரிப் பையன் ஒருவன்தான் வந்து கதவைத் தட்டி உன்னை அவர்கள் ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். நீ சவரம் செய்துகொண்டு திரும்பி வந்தாய். சாப்பிட்டாய். பரீட்சை எழுதினாய். அவர்கள் எனக்கு என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், நீ பவனா ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டு ஈரத்துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தபோது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கைக்குழந்தையாக உனக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்றால், உன்னை ஏந்திக்கொண்டு நின்ற நாங்கள் இரண்டு பேரும் வேஷம் போட்டோமா என்று கேட்டேன். உனக்குப் பதில் சொல்லத் தமிழ் வரவில்லை. "அப்பா, நான் ஃபைசலா பண்ணிட்டேன்" என்று உன் முடிவை மட்டும் சொன்னாய். அம்மா பையை வாங்கிக்கொண்டு போய் அந்தத் துணியை அலசிக் காயப்போட்டாள்.

உன் கல்யாணத்துக்கு அவள் வந்த கோலத்தைச் சொல்கிறேன். உனக்கு அது அன்றைக்கு உறைத்திருக்காது. உங்கள் சபையில் நகை கூடாது, தாலி கிடையாது. சுவார்த்தாவுக்கு என்று சிலுவை வைத்துச் செய்திருந்த தாலியை அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சரி என்று விட்டுவிட்டேன். காலையில் புறப்பட்டு நின்றபோது பார்த்தால் அவள் கழுத்திலும் ஒன்றும் இல்லை. கம்மல் இல்லை, வளையல் இல்லை, தாலிச் சங்கிலி இல்லை. உயிரோடு நான் எதிரில் நிற்கிறேன், அவள் கழுத்து மூளியாக இருக்கிறது. என்ன இது என்று கத்தினேன். "அவன் சபைக்காரங்க முன்னால அவனுக்கு ஒரு குறைச்சல் வரக்கூடாது. ஒருநாள்தானே" என்றாள். ஊரிலிருந்து வந்த நம் சொந்தக்காரப் பெண்கள் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் கல்யாண ஹாலுக்குள் வராமல் கேட்டருகில் நின்றுகொண்டேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, தெரியாத பாட்டுக்கெல்லாம் கை தட்டினாள். உன் பக்கம் வருவதற்கு அவள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்று பார், சாமு. நானும் நீயும் ஓரடி வைக்கவில்லை.

அப்புறம் போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். அறுவைசிகிச்சை முடிந்து அவள் படுத்திருந்தாள், நீயும் சுவார்த்தாவும் வந்திருந்தீர்கள், அந்த நேரம் பார்த்துக் குருவானவர் அப்பமும் திராட்சரசமும் வைத்த சின்னப் பெட்டியோடு வந்தார். அவர் வெள்ளைத் துணியை விரித்ததும் நீ எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாய். உனக்கு அது உன் சபையின் ஒழுங்கு. குழந்தை ஞானஸ்நானக்காரர்களோடு பந்தியில் சேரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நீ அதற்குக் கீழ்ப்படிந்தாய். அம்மா படுக்கையிலிருந்து கண்ணாடிக் கதவு வழியாக உன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பம் வாயருகில் வந்தபோது உதட்டை மூடிக்கொண்டாள். "இன்னைக்கு வேண்டாம் ஐயா. எம்புள்ள வெளிய நிக்கான்" என்றாள். அவர் போன பிறகு நான் உன்னிடம் பேசினது உனக்கு மறந்திருக்காது. அம்மை கையால் சோறு திங்கலாம், அவள் வாய் வைத்த பாத்திரம் மட்டும் ஆகாதோ என்று கேட்டேன். இனி இந்த வாசலில் கால் வைக்காதே என்றேன். உன் மனைவி உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பிறகு ஆஸ்பத்திரியில் நீ அம்மாவைப் பார்க்க வந்தபோதுகூட டீ குடிக்கப் போகிறேன் என்று நான் வெளியே போய்விட்டேன்.

உனக்குத் தெரியாதது இதுதான். அன்றைக்கு மூடின வாயை அவள் இன்னும் திறக்கவில்லை. குருவானவர் மாதாமாதம் வருகிறார், ஜெபம் செய்கிறார், பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போகிறார். மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு பந்தியில் நிற்கக் கூடாது என்று சிறுவயதிலிருந்து படித்தது அவளுக்கு. மனஸ்தாபம் எனக்கும் அவனுக்கும்தானே, உனக்கு என்ன வந்தது என்று கேட்டேன். "தகப்பனும் மகனும் ஆளுக்கொரு திசையில நிக்கிய. நான் மட்டும் உள்ள போய் என்னத்தை வாங்க?" என்றாள். இப்போது லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். கஞ்சியே இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. அவள் நற்கருணை வாங்காமலே போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு. நர்ஸாக இருந்து எத்தனை பேருடைய கடைசி நேரத்தில் குருவானவரைக் கூட்டி வரச்சொல்லி ஆளனுப்பினவள் அவள். அவளுக்கு இப்படி ஆகக் கூடாது, எய்யா.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை போசரிக்கு வந்தேன். உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். மோட்டார் காயில் சுற்றுகிற கடைக்கு மேலே உங்கள் ஜெப ஹால். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் பாயில் உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிக்கிற கண்ணோடுதான் உட்கார்ந்தேன், தொழில் அப்படி. ஆனால் அங்கே தெலுங்குக்காரன், பீஹார்க்காரன், மராத்திக்காரன், நம் ஆட்கள் எல்லாரும் தொடை இடிக்க ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சரணம் இந்தியில், ஒரு சரணம் தமிழில். கேம்ப்பில் நம் கோயிலில் மராத்தி சபையாரும் நாமும் ஒரே கட்டடத்தை இத்தனை வருடமாகப் பங்குபோட்டிருக்கிறோம். அவர்கள் முடித்து வெளியே வரும்வரை வாசலில் நிற்போம், வணக்கம் சொல்வோம், உள்ளே போவோம். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே சரீரம் என்று நான் ஆராதனையில் எத்தனையோ முறை வேதபாடம் வாசித்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது உங்கள் ஹாலில்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு அப்பம் பிட்டார்கள். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மட்டும் என்று இந்தியிலும் தமிழிலும் சொன்னார்கள், என் காதில் விழுந்தது. நீ தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தாய். அந்தத் தட்டிலிருந்து அவரவர் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எடுக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான். நீ கிட்டே வந்ததும் என்னை அறியாமல் என் கை நீண்டுவிட்டது, இடதின்மேல் வலது, குறுக்காக. நீ முதலில் கையைப் பார்த்தாய். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாய். பிறகு என்னைத் தாண்டி எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டினாய். அவர் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கோபம் வரவில்லை, சாமு. நீ என் பிள்ளைதான் என்று தோன்றியது. அளவுக்கு ஒட்டாததைத் தள்ளு என்று வாழ்நாள் முழுக்கச் செய்தவன் நான், நீ எங்கே போய் வேறு மாதிரி கற்றுக்கொள்வாய்? ஆனால் வலித்தது. அதையும் மறைக்கவில்லை. முடிந்ததும் நீ படிக்கட்டில் ஓடி வந்தாய். "அப்பா, மாஃப் கரோ. எனக்கு பர்மிஷன் இல்ல. அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாய். உன் கண் கலங்கியிருந்தது. எதற்கு வந்தேனோ அதைச் சொல்லியிருக்க வேண்டும். "இருக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். என் ரோஷம் படியிறங்கும்போதுகூட என்னை விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா உன் அம்மாவுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் போனதும் இவள், "எங்க போயிட்டு வாரிய?" என்று கேட்டாள். சாமு சபைக்கு என்றேன். உன் கல்யாணத்துக்கே கேட்டைத் தாண்டாத மனிதன் போயிருக்கிறான் என்றதும் அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அவளாக எழுந்து உட்கார்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"உள்ள விட்டாங்களா?"

"விட்டாங்க."

"அப்பம் உண்டுமா?"

"உண்டு."

"உங்களுக்குக் குடுத்தாங்களா?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று சொல்ல உன்னால் முடிந்திருந்தால் நீ என்னைவிட நல்லவன். "சாமுதான் குடுத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"ரெண்டு கையையும் நீட்டியா வாங்குனிய?"

"ஆமா" என்றேன். கையை நீட்டியது நிஜம்தானே.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். "தகப்பனுக்குக் குடுத்துட்டான்லா. போதும்" என்றாள். கஞ்சி கேட்டாள். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள், பாதி வெளியே வந்துவிட்டாலும் அதற்காக வருத்தப்படவில்லை. ஐயாவைச் சனிக்கிழமை வரச்சொல்லுங்க, நான் வாங்கிக்கிறேன் என்றாள். பிறகு சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. "அவனையும் கூப்பிடுங்க. உங்களுக்குக் குடுத்தவன் எம்பக்கத்துல உக்கார மாட்டானா?"

திங்கட்கிழமை உங்கள் பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், கண்ணியமானவர். என்னை முக்குங்கள், சனிக்கிழமைக்கு முன்னால் எந்த ஆற்றிலாவது முக்குங்கள், அப்போதாவது என் மகன் என்னோடு அப்பம் சாப்பிடலாம் அல்லவா என்றேன். எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேட்டார். மகனுக்காக, அவன் அம்மாவுக்காக என்றேன். அதற்காக எடுக்கிறது ஞானஸ்நானம் ஆகாது ஐயா என்றார். நியாயமான பதில், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அங்கிருந்து கேம்ப்புக்குப் போய் நம் குருவானவரைப் பார்த்தேன். எங்கள் பக்கம் தடை ஒன்றும் இல்லை, உங்கள் மகன் கை நீட்டினால் கொடுப்பேன், நீட்டாவிட்டால் வற்புறுத்த மாட்டேன் என்றார். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். இரண்டு பேரும் எனக்காக ஜெபம் செய்து அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் ஒரே ஆண்டவரைத்தான் கூப்பிட்டார்கள், நான் இரண்டுக்கும் ஆமென் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்த வயதில் இப்படி அலைகிறேனே என்று எனக்கே என்மேல் இரக்கமாக இருந்தது.

சாமு, உன் விசுவாசத்தை விட்டுவிடு என்று கேட்கவில்லை. அது உன்னைக் காப்பாற்றியது, அதில் கை வைக்க நான் யார்? பாத்திரத்தில் வாய் வைக்க உன் மனசாட்சி விட்டால், வைத்துவிடு. விடாவிட்டால் வேண்டாம். பக்கத்தில் உட்கார், அவள் கையைப் பிடித்துக்கொள், பால்கனிக்கு மட்டும் போகாதே. அவள் உன்னிடம் கேட்பாள், அப்பாவுக்கு நீதான் குடுத்தியாமே என்று. ஆமாம் என்று சொன்னால் போதும். உனக்குப் பொய் வராது என்று தெரியும், அப்படித்தான் உன்னை வளர்த்தோம், இப்போது அதுவே எனக்கு வினையாக வந்து நிற்கிறது. சொல்ல முடியாவிட்டால் வரும்போது பேக்கரியில் ஒரு பாவ் வாங்கிக்கொண்டு வா. யாரும் ஜெபித்துக் கொடுத்த அப்பம் வேண்டாம், கடை ரொட்டி. அதற்கு எந்தச் சபையின் சட்டமும் கிடையாது. அவள் கேட்கிறதற்கு முன்னால், அவள் கண்ணெதிரே அதில் ஒரு துண்டு பிய்த்து என் கையில் கொடு. அப்புறம் அவள் என்ன கேட்டாலும் நீ தயங்காமல் ஆமாம் என்று சொல்லலாம். எனக்கும் உனக்கும் இருக்கிற வழக்கு அப்படியே இருக்கட்டும், அவள் போன பிறகு வேண்டுமானால் ஆயுசுக்கும் சண்டை போட்டுக்கொள்வோம். சுவார்த்தாவையும் கூட்டிக்கொண்டு வா. அவளைப் பார்க்க வேண்டும் என்கிறாள் உன் அம்மா.

நாளைக் காலையில் இதை நானே கொண்டுவந்து உங்கள் கட்டட வாட்ச்மேனிடம் கொடுக்கிறேன். மாடிக்கு ஏறி வர மாட்டேன், நேரில் பார்த்தால் மறுபடி ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவேன். அம்மா உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். வெள்ளைச் சேலையை இஸ்திரிக்குக் கொடுத்தாயிற்றா என்று இப்போதுதான் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சனிக்கிழமை நாற்காலி இரவல் சொல்லிவைத்திருக்கிறாள். இவ்வளவுக்கும் காரணம் நான்தான். நேற்று, சாமுகிட்ட பேசுனியளா, என்ன சொன்னான் என்று கேட்டாள். உன்னிடம் நான் பேசவே இல்லை. கண்டிப்பா வாரேன்னான் என்று சொல்லிவிட்டேன். முதலில் சொன்ன பொய்க்கு ஆண்டவரிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்த இரண்டாவதைப் பொய்யாக்காமல் இருக்க உன்னால் மட்டும்தான் முடியும்.

உன் அப்பா